ஆட்டின் ராணிக்கு ஆறு எழுத்து

தாராவியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பையன்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பது கொஞ்சம் மிகை. பரீட்சைக்கு வேண்டியதை அவர்கள் கேட்பார்கள்; பரீட்சைக்கு வேண்டாததை நான் சொல்வேன். தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பு கலைந்த பிறகும் போகாமல் நின்றான். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தான்.

"சார், ஒரு சீட்ட மனசுல நெனச்சுக்கோங்க."

21 சீட்டுகளை மூன்று வரிசையாகப் போட்டான். என் சீட்டு எந்த வரிசை என்று கேட்டு, அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, மறுபடி போட்டான். இப்படி மூன்று முறை. பிறகு 11ஆவது சீட்டைத் திருப்பினான். நான் நினைத்த சீட்டுதான்.

பாராட்டினேன். ஆனால் இதே வித்தையை 35 வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் என் மாமா செய்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கே அது பழசு. வரிசையை ஒவ்வொரு தடவையும் நடுவில் வைத்தால், மூன்றாவது தடவை நம் சீட்டு தானாகவே கட்டின் நடுவுக்கு, அதாவது 11ஆம் இடத்துக்கு, வந்து சேர்ந்துவிடும். செய்கிறவருக்கு ஏன் என்று தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

பொங்கலன்று 90 அடி சாலையை ஒட்டிய அவர்கள் சந்தில் விழா. பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டித் தெருவிலேயே பொங்கல் வைப்பார்கள். சாயங்காலம் மேடை. அதில் பையனுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"இது எல்லார் செல்போனிலும் இருக்கிறதே. உன்னுடையது என்று ஒன்று செய்தால் என்ன?" என்று வாயைக் கொடுத்தேன்.

"நீங்க கூட இருந்தா செய்யலாம் சார்" என்றான். மாட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அவன் அம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர்.

"அண்ணாச்சி, புள்ளைக்குச் சீட்டா சொல்லிக்குடுக்கீய?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். களைப்பாகக் கேட்டார். அவர் கணவர் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை வாங்கிய கூலி ஞாயிறு ராத்திரிக்குள் சீட்டில் கரைந்துவிடும். ஆட்டம் பல நாள் இவர் வீட்டு வாசலிலேயே நடக்கும். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் சீட்டுக்கட்டு வந்ததில்லை.

சூதாட்டம் வேறு, மேஜிக் வேறு என்று விளக்கினேன்.

"ரெண்டும் ஏமாத்துதான?" என்றார்.

எம்.ஏ. படித்த வாய்க்குச் சட்டென்று பதில் வரவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "அவன் கை சீட்டுல படக்கூடாது. மத்தபடி ஒங்க இஷ்டம்."

இதோடு இந்தப் பேச்சு ஒழியும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கை படாமல் சீட்டு வித்தையா?

இரண்டும் ஏமாற்றுதானே என்ற கேள்வி மட்டும் கூடவே வந்தது. ரயில் நிலையங்களுக்கு வெளியே, கவிழ்த்த அட்டைப்பெட்டிமேல் நடக்கும் மூணு சீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றில் ஒன்று ராணி. போடுகிறவன் ஒரு கையில் இரண்டு சீட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிடித்திருப்பான். கீழே இருப்பதுதான் முதலில் விழும் என்று நம் கண் நம்பும். அவன் மேலே இருப்பதை நழுவ விடுவான். கைவித்தை அவ்வளவுதான். ஆனால் அது பாதிதான். நமக்கு முன்னால் பணம் வைத்து ஜெயித்தாரே ஒரு ஆள், அவர் அவனுடைய ஆள். 'ராணி முனை மடங்கியிருக்கு' என்று நம் காதில் கிசுகிசுக்கிறவரும் அவனுடைய ஆள்தான். நம்மைத் தவிர அங்கே வேடிக்கை பார்ப்பவர் யாருமில்லை. சூதாட்டத் தடுப்புச் சட்டம் பம்பாய்க்கு 1887இலேயே வந்துவிட்டது. அட்டைப்பெட்டி மட்டும் ஒவ்வொரு இடமாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

வித்தைக்காரன் செய்வதும் ஏமாற்றுதான். ஆனால் ஏமாற்றப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். பர்ஸ் நம் பையிலேயே இருக்கிறது. இந்தப் பதிலை அந்த அம்மாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் நம்புவாரா என்பது வேறு விஷயம். செய்து காட்டுவதே மேல் என்று தோன்றியது.

சீட்டு வித்தைக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று கை. 1902இல் எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் ஒருவர் 'தி எக்ஸ்பர்ட் அட் த கார்டு டேபிள்' என்ற புத்தகத்தை எழுதினார். சூதாடியின் கள்ளத்தனங்களும் வித்தைக்காரனின் நளினங்களும் அதில் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. இன்றும் அதை வேதம் போலப் படிக்கிறார்கள். அதைப் படித்து வளர்ந்த டாய் வெர்னன் 1922இல் சிகாகோவில் ஹூடினியையே ஏமாற்றினார். மூன்று தடவை பார்த்தால் எந்த வித்தையும் தனக்குப் பிடிபடும் என்று சவால் விட்டவர் ஹூடினி. வெர்னன் அவருக்குத் திரும்பத் திரும்பக் காட்டியும் பிடிபடவில்லை. அந்தப் பாதைக்கு வருடக்கணக்கில் கை பழக வேண்டும். நம் பையனுக்கு இருப்பது பத்து வாரம். கையே கூடாது என்று தடை வேறு.

இன்னொரு பாதை கணக்கு. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவர்களிடம் நான் எப்போதோ வாங்கிய மார்ட்டின் கார்ட்னரின் புத்தகம் பரணில் கிடந்தது. 'மேத்தமேட்டிக்ஸ், மேஜிக் அண்ட் மிஸ்டரி'. 1956இல் வெளிவந்தது. கைத்திறன் வேண்டாத, எண்களே வேலை செய்கிற வித்தைகளை அதில் தொகுத்திருக்கிறார். தூசி தட்டி உட்கார்ந்தோம்.

அந்த உலகத்தில் எழுத்துக்கூட்டும் வித்தை என்று ஒரு வகை உண்டு. சீட்டின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சீட்டைக் கீழே வைப்பார்கள். கடைசி எழுத்துக்கு அந்தச் சீட்டே வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு அதிசயத் தற்செயலும் உண்டு. ஏஸ், டூ, திரீ என்று தொடங்கி ஜாக், குயின், கிங் வரை 13 பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதி எழுத்துகளைக் கூட்டினால் சரியாக 52 வரும். கட்டில் எத்தனை சீட்டோ அத்தனை எழுத்து.

"தமிழ்ல எவ்ளோ சார் வரும்?" என்று கேட்டான் பையன்.

எண்ணினோம். 36. ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்துதான் வித்தை பிறந்தது.

அம்மா என்பதற்கு எத்தனை எழுத்து? மூன்று. அ, ம், மா. மெய்யையும் ஓர் எழுத்தாக எண்ணுவது நம் பழக்கம். பையன் நோட்டில் கோடு போட்டு நான்கு இனங்களின் பெயரையும் எழுதினான். சீட்டாடுகிற வீட்டில் பிறந்தவன் என்பதால் அப்பா சொன்ன பெயர்களே அவனுக்கு வந்தன.

இ, ஸ், பே, ட்: நான்கு.
ஆ, ட், டி, ன்: நான்கு.
டை, ம, ண், ட்: நான்கு.
கி, ளா, வ, ர்: நான்கு.

இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். ஆங்கிலத்தில் ஸ்பேட்ஸ் 6, ஹார்ட்ஸ் 6, டைமண்ட்ஸ் 8, கிளப்ஸ் 5. மராத்தியில் இஸ்பிக், பதாம், சௌகட் மூன்றுக்கும் மூன்று மூன்று எழுத்து. கிலவர் மட்டும் நான்காகி ஆட்டத்தைக் கெடுக்கிறது. இந்தியிலும் ஒத்துவரவில்லை. பெயர்கள் எல்லாம் கடல் கடந்து வந்தவைதான். டச்சு மொழியில் ஹார்ட் இனத்துக்கு ஹார்டன் என்று பெயர். க்ளாவர் என்றால் அவர்களுக்கு மூவிலைச் செடி. கிளப் சீட்டின் படத்தைப் பார்த்தால் புரியும். சிங்களத்தில் அது கலாபர. 1658இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் அங்கே நூறு வருடங்களுக்கு மேல் இருந்தார்கள். போர்ச்சுகீசியருக்கோ ஸ்பேட் இனம் எஸ்பாடஸ், அதாவது வாள். தமிழில் சொல்லின் முதலில் தனி மெய் வராது என்பதால் ஸ்கூலை இஸ்கூல் ஆக்கியது நம் நாக்கு. இஸ்பேட்டும் அந்த நாக்குக்கு இதமாக உட்கார்ந்துவிட்டது. எங்கெங்கிருந்தோ வந்த நான்கு பெயர்கள் தமிழுக்குள் நுழைந்ததும் நான்கு நான்கு எழுத்தாக வரிசையில் நின்றுகொண்டன.

எழுத்தெண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. கட்டளைக் கலித்துறை எழுதுகிற புலவர்கள் ஒற்றெழுத்தை நீக்கிவிட்டு எண்ணுவார்கள். நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. அந்தக் கணக்குப்படி பார்த்தால் மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு, கிளாவருக்கு மட்டும் மூன்று. வித்தை படுத்துவிடும். நம்மைக் காப்பாற்றியது புலவர் கணக்கு அல்ல, இரண்டாம் வகுப்புக் கணக்கு.

அடுத்து மதிப்புகள். ராஜா 2, ராணி 2, ஆஸ் 2. ஜாக்கி 3 என்பதால் நீக்கினோம். ஆறும் ஏழும்கூட இரண்டெழுத்துதான். ஆனால் மேடைக்கு ராஜா ராணி போதும். நான்கு இனம், மூன்று மதிப்பு, ஆக 12 சீட்டுகள். இஸ்பேட் ராஜாவோ கிளாவர் ஆஸோ, எதை எழுத்துக்கூட்டினாலும் ஆறில் முடியும். ஆகவே, நினைத்த சீட்டு மேலிருந்து ஆறாவதாக இருந்தால் போதும். அது எந்தச் சீட்டு என்று வித்தைக்காரனுக்குத் தெரியவே வேண்டியதில்லை. சீட்டைத் தொடவும் வேண்டியதில்லை!

வழி சுலபம். வீட்டில் செய்து பாருங்கள். 12 சீட்டையும் பார்வையாளர் நன்றாகக் கலைக்கட்டும். கவிழ்த்தபடி இரண்டு பங்காக மாற்றி மாற்றிப் போடட்டும். ஆறு, ஆறு. ஏதாவது ஒரு பங்கை எடுத்து, அதன் அடிச்சீட்டை மட்டும் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பங்கை மற்ற பங்கின்மேல் வைக்கட்டும். முடிந்தது. பார்த்த சீட்டு இப்போது மேலிருந்து ஆறாவது. இவ்வளவும் நடக்கும்போது பையன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

இதை மாட்டுங்காவில் என் நண்பர் ஒருவரிடம் சோதித்தோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லாம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு சீட்டை மேலே வைக்கச் சொன்னாய். ஆறாவது சீட்டு வந்தது. இதில் மேஜிக் எங்கே?"

நோட்டுக் கட்டுகளை எண்ணியே தலை நரைத்தவரிடம் முதலில் காட்டியது எங்கள் தப்பு. ஆனால் அவர் சொன்னது நியாயம். அடுக்கியதற்கும் எண்ணியதற்கும் நடுவில் ஒரு திரை வேண்டும். சீட்டுகள் நன்றாக இடம் மாறிவிட்டன என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். உண்மையில் ஒரு சீட்டும் மாறக் கூடாது.

12 சீட்டுக் கட்டில் மேல்சீட்டை எடுத்து அடியில் வைப்பது, மறுபடி மேல்சீட்டை எடுத்து அடியில் வைப்பது என்று 12 தடவை செய்தால் கட்டு பழைய நிலைக்கே வந்துவிடும். ஆகவே 12 எழுத்தில் ஒரு சொற்றொடர் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சீட்டை அடிக்கு அனுப்பலாம். பொங்கல் விழா என்பதால் முதலில் 'பொங்கலோ பொங்கல்' என்று பார்த்தோம். எட்டுதான் வந்தது. ஒரு வாரம் பையன் கண்ணில் பட்ட கடைப் பலகையை எல்லாம் எண்ணிக்கொண்டு திரிந்தான். அடுத்த ஞாயிறு மூச்சிரைக்க வந்தான்.

"சார், தாராவி மூணு. மாட்டுங்கா அஞ்சு. செம்பூர் நாலு."

மூன்றும் ஐந்தும் நான்கும் பன்னிரண்டு. எந்த வரிசையில் சொன்னாலும் பன்னிரண்டு. அந்த ஊர்கள் இத்தனை வருடமாக இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. அரசாங்கப் பலகை பாணியில் மாதுங்கா என்று எழுதினால் ஓர் எழுத்து குறைந்துவிடும். மும்பைத் தமிழர்கள் வாயில் வருகிற மாட்டுங்காதான் சரி.

திரும்பவும் வங்கி நண்பரிடம் போனோம். அவர் செம்பூரில் தொடங்கி, தாராவி வழியாக மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்தார். பிறகு தன் சீட்டை எழுத்துக்கூட்டினார். கடைசி எழுத்துக்கு அது வந்ததும் ஒரு நிமிடம் பேசவில்லை. "இன்னொரு தடவை செய்" என்றார். பையன் மறுத்துவிட்டான். ஒரு வித்தையை ஒரே ஆளிடம் இரண்டாவது தடவை செய்யக் கூடாது என்பது உலகத்து வித்தைக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. இரண்டாவது முறை அவர் மனம் வியக்காது, எண்ணும்.

அடுத்தது செம்பூர். தெரிந்தவர் வீட்டில் பிறந்தநாள். ஏழாவது படிக்கும் ஒரு பெண் முன்வந்தாள். ஆங்கிலப் பள்ளி, பாட்டி புண்ணியத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். சொன்னதை எல்லாம் துல்லியமாகச் செய்தாள். மூன்று ஊரும் சுற்றினாள். மனசுக்குள் எழுத்துக்கூட்டி நிறுத்தினாள். பையன் முதுகைக் காட்டியபடியே கம்பீரமாக, "உங்க சீட்டு என்ன?" என்று கேட்டான்.

"ஹார்ட் ராணி."

"திருப்புங்க!"

கிளாவர் ஆஸ். சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் பையனுக்கு விஷயம் தெரிந்தது.

ஹா, ர், ட், ரா, ணி. ஐந்து. அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆட்டின் என்ற சொல்லை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஸ்பேட் 3, ஹார்ட் 3, கிளப் 3, குயின் 3 என்று எங்கள் கணக்கு மொத்தமும் சரிந்தது. டைமண்டும் கிங்கும் மட்டும் தப்பித்தன.

திரும்பும் பஸ்ஸில் பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். "பெயரைப் பலகையில எழுதி வெச்சிரலாமா சார்?" என்றான். எழுதலாம். ஆனால் நான்கு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் நான்கு நான்கு எழுத்து என்று கண் தெரிந்த எவருக்கும் விளங்கிவிடும். எதை மறைக்க வேண்டுமோ அதையே பலகையில் எழுதித் தொங்கவிட்ட மாதிரி ஆகும்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. வித்தையைத் தயாரித்துவிட்டோம், இனி மேடைப் பேச்சு மட்டும்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பேச்சு என்பது மேலே தூவுகிற கொத்தமல்லி என்று எண்ணம். இந்த வித்தைக்குப் பேச்சுதான் அடுப்பு. பார்ப்பவர் வாயில் எந்தச் சொல் வரப்போகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான். மொழிபெயர்ப்பில் 20 வருடம் காலம் தள்ளுகிறேன். சொல்லை மாற்றினால் சோறு வேகாது என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, ஒரு கதை வைத்தோம். கப்பலில் வந்து இறங்கிய நான்கு குடும்பங்கள். பையன் தன் பாஷையிலேயே அதைச் சொன்னான். "இஸ்பேட் வீடு, ஆட்டின் வீடு, டைமண்ட் வீடு, கிளாவர் வீடு. ஒவ்வொரு வீட்லயும் ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஆஸ். ஜாக்கி எங்கேன்னு கேக்காதீங்க. அவனுக்கு நைட் ஷிஃப்ட்." சீட்டை ஒவ்வொன்றாக நான் தூக்கிக் காட்ட, கூட்டமே அதன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வித்தை தொடங்குவதற்குள் ஆட்டின் என்ற சொல் எல்லார் காதிலும் நான்கைந்து தடவை விழுந்திருக்கும். பிறகு, பார்த்த சீட்டின் பெயரை ஒரு துண்டுத்தாளில் ரகசியமாகத் தமிழில் எழுதிக்கொள்ளச் சொல்வது. அந்தத் தாளைப் பார்த்தே எழுத்து எண்ணுவது. எண்ணி முடித்ததும் கடைசிச் சீட்டைக் கவிழ்த்தபடியே கையில் வைத்திருக்க வேண்டும். பெயரை உரக்கச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டுச் சொன்னால் மூன்று பேர் கை தட்டுவார்கள். சொல்லிவிட்டுத் திருப்பினால் முன்னூறு பேர். தையல் வேலை செய்கிற அவன் அக்கா, பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள், வகுப்புப் பையன்கள் என்று பதினைந்து பேரிடமாவது சோதித்திருப்போம். தவறவில்லை.

பொங்கலன்று சந்து முழுக்கப் புகையும் வெல்ல வாசனையும். மேடை என்பது நான்கு பெஞ்சும் ஒரு ட்யூப்லைட்டும். பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறினான். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. கதை நன்றாகப் போயிற்று. ஜாக்கியின் நைட் ஷிஃப்டுக்குப் பலத்த சிரிப்பு. பாதிப் பேருக்கு அன்றைக்கு நைட் ஷிஃப்ட்.

"யாராச்சும் ஒருத்தர் வாங்க" என்றான். அந்த நேரம் பார்த்துப் பானை கழுவி முடித்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அவன் அம்மா கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் விடவில்லை. பிடித்து மேடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் கதையைக் கேட்கவில்லை. கூட்டத்தோடு பெயர்களைச் சொல்லவில்லை. சமையலுக்குப் போகிற வீடுகளில் பிள்ளைகள் ஹார்ட், ஸ்பேட் என்று சொல்லிக் கேட்டு அதையே எழுதினால்? பையன் என்னைப் பார்த்தான். அவன் முகமும் அதையேதான் சொன்னது. மறுபடி கதையைத் தொடங்க நேரமில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா சீட்டைக் கையில் வாங்கும்போது ஒரு கணம் தயங்கினார். பிறகு கலைத்தார். அடிக்கடி பார்த்துப் பழகிய கலைப்பு. பங்கு போட்டார். அடிச்சீட்டைப் பார்த்தார். துண்டுத்தாளில் யோசிக்காமல் எழுதி மடித்துக்கொண்டார். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று கூட்டமே எழுத்தெழுத்தாகச் சொல்ல, சீட்டுகள் அடிக்குப் போயின. பிறகு அவர் மட்டும் தாளைப் பார்த்து உதட்டை அசைத்து எண்ணினார். நான் சீட்டுகளை எண்ணினேன். ஐந்தில் நிறுத்திவிடுவாரோ என்று பார்த்தேன். ஆறாவதை எடுத்து நிறுத்தினார்.

"ஒங்க சீட்டு என்னம்மா?" என்றான் பையன், திரும்பாமல்.

"ஆட்டின் ராணி."

திருப்பினார். ஆட்டின் ராணி.

சந்து அதிர்ந்தது. அம்மா கை தட்டவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பூர்ப் பெண்ணுக்குத் தெரியாத அந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? வாசலில் ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் உள்ளே படுத்தபடி இதே பெயர்களைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மறக்க நினைத்த சொல்தான் அன்றைக்கு மகனைக் காப்பாற்றியது.

கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"இதுல யாரு துட்டும் போகலியே அண்ணாச்சி?"

"போகவில்லையம்மா."

"அவன் கையும் படல."

"படவில்லை."

கொஞ்சம் யோசித்தார். "இந்தப் பன்னெண்ட வச்சி ரம்மி ஆட முடியாதுல்லா?"

ரம்மிக்கு ஆளுக்கு 13 சீட்டு வேண்டும். முடியாது என்றேன்.

இந்த வித்தையை அச்சில் போட்டால் ரகசியம் போய்விடுமே என்று பையனிடம் கேட்டேன். "போடுங்க சார். தமிழ் எழுதத் தெரிஞ்சவங்கதான செய்ய முடியும்" என்றான்.

அந்த வீட்டில் இப்போது 12 சீட்டுகள் இருக்கின்றன. மீதி 40 என் மேசை டிராயரில்.